பயிற்சி விமானத்துக்குப் பாவம் உண்டா?

கிளிவெட்டியில் எனக்கொரு நண்பர் இருக்கிறார். முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழக்கம். இருவருமே ஆசிரியத் தொழில் பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நான் தோப்பூர், அவர் கிளிவெட்டி. இரண்டு ஊர்களுக்கும் இடையில் கிடப்பது சில மைல் வயல்வெளிதான். ஆயினும் அந்தச் சில மைல்களை நாங்கள் கடக்க முடியாதிருந்த ஆண்டுகளும் உண்டு.

அண்மையில் சிறுபோக அறுவடை முடிந்த ஒரு காலைப்பொழுதில் அவரது வீட்டு வேப்பமரத்தடியில் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தோம். கொட்டியாரக் குடாப் பக்கமிருந்து சிறு விமானமொன்றின் இரைச்சல் கேட்டது. தும்பியைப்போல வந்து, வயல்களுக்கு மேலால் ஒரு வளையம் போட்டு, வந்த திசையிலேயே திரும்பியது. சீனன்குடாவில் விமானம் ஓட்டப் பழகும் பிள்ளைகளில் ஒருவராக இருக்க வேண்டும்.

மாஸ்டர் தலையை நிமிர்த்திக்கூடப் பார்க்கவில்லை. "அது பழகுற பிளேன் காக்கா, ஒண்டும் செய்யாது" என்றார்.

அதே நேரத்தில் முற்றத்தில் காயவிட்டிருந்த நெல்லைக் காலால் துழாவிக்கொண்டிருந்த அவரது தாயார், எண்பது வயதைத் தாண்டிய அந்த அம்மா, வேலையை அப்படியே விட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். யாரும் அவரை அழைக்கவில்லை. அவரும் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. சத்தம் ஓய்ந்த பிறகு வெளியே வந்து, விட்ட இடத்திலிருந்து துழாவத் தொடங்கினார்.

மகனுடைய வாய் ஒரு தீர்ப்பைச் சொன்னது. தாயினுடைய கால்கள் வேறொரு தீர்ப்பைச் சொல்லின. இரண்டில் எது சரி? அன்று வீடு திரும்பிய பிறகும் இந்தக் கேள்வி என்னை விடவில்லை. பழகும் விமானம் ஒன்றும் செய்யாது என்பது உண்மைதானா? பயிற்சி என்பது பாவ புண்ணியத்துக்கு முந்திய ஒரு பருவமா? செய்யும்போதுதான் குற்றம், கற்கும்போது குற்றமில்லை என்று நாம் இலகுவாகச் சொல்லிவிட முடியுமா?

இதை யோசிப்பதற்கு முதலில் சீனன்குடாவின் கதையைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். கிளிவெட்டியிலிருந்து சீனன்குடா வான்வழியில் ஒரு சில நிமிடத் தூரம். தரைவழியில் அப்படியல்ல. 2009 இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரைக்கும், அதன் பின்னர் மற்றைய துறைகளுக்கும் பாலங்கள் வரும்வரைக்கும், பாதைப் படகுகளுக்குக் காத்து நின்றும் மூதூரிலிருந்து லோஞ்சில் ஏறியும்தான் நாங்கள் திருகோணமலைக்குப் போனோம். அரை நாள் கழிந்துவிடும். எங்களுக்கு எட்டாத ஊராக இருந்த சீனன்குடாவுக்கு நாங்கள் எப்போதும் எட்டும் தூரத்திலேயே இருந்தோம்.

அந்த விமானத்தளம் பிரித்தானியருடையது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் திருகோணமலையைத் தாக்கியபோது சீனன்குடாவிலிருந்து பிரித்தானிய ஹரிகேன் விமானங்கள் எழுந்து மோதின. அன்றுதான் மட்டக்களப்புக் கடலில் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதில் 300க்கும் மேற்பட்டோர் மாண்டனர். மகாயுத்தத்தின் பிற்பகுதியில் அந்தத் தளம் பிரித்தானியக் கடற்படையின் விமானப் பிரிவுகளுக்கு ஒரு முகாமாயிற்று. 1944 இல் சுமாத்திராவின் சபாங் துறைமுகத்தைத் தாக்கப்போன கப்பல்கள் திருகோணமலையிலிருந்தே புறப்பட்டன. சபாங் மக்களில் பெரும்பாலோர் ஆச்சே முஸ்லிம்கள். நம் கரையிலிருந்து போன விமானங்கள் யார் தலைக்கு மேல் போயின என்று நம் மூத்தவர்கள் அன்று நினைத்துப் பார்த்திருப்பார்களோ, தெரியாது.

1951 இல் இலங்கைக்கென ஒரு விமானப்படை உருவாயிற்று. 1957 இல் பிரித்தானியர் திருகோணமலையையும் கட்டுநாயக்காவையும் விட்டுப் போயினர். பின்னர் சீனன்குடா விமானப்படையின் பயிற்சிக் களமாயிற்று. இன்று அங்கே விமானப்படையின் அகடமி இருக்கிறது. செஸ்னா 150, சீனத் தயாரிப்பான பி.ரி. 6 போன்ற இரண்டு பேர் அமரும் சிறு விமானங்களில் பிள்ளைகள் பறக்கப் பழகுகிறார்கள். ஓர் ஆசனத்தில் ஆசிரியர், மற்ற ஆசனத்தில் மாணவர். நானும் மாஸ்டரும் ஆயுள் முழுக்கச் செய்த அதே தொழில்தான். கரும்பலகைக்குப் பதிலாக வானம்.

இதுவரைக்கும் மாஸ்டருடைய தீர்ப்பே சரி போலத் தோன்றும். ஆனால் சரித்திரம் அந்த அம்மாவின் பக்கம் நிற்கிறது.

1959 அளவில் இலங்கை விமானப்படை ஜெட் புரொவோஸ்ட் என்ற விமானங்களை வாங்கத் தொடங்கியது. விமானிகளை ஜெட் விமானத்துக்குப் பழக்குவதற்காகப் பிரித்தானியர் வடிவமைத்த பயிற்சி விமானங்கள் அவை. சில ஆண்டுகளின் பின்னர் அவை பறக்காமல் சீனன்குடாவில் வைக்கப்பட்டிருந்தன. 1971 ஏப்ரலில் ஜே.வி.பி. கிளர்ச்சி வெடித்ததும் சில நாட்களுக்குள் அவற்றைத் திருத்தி எடுத்து, இறக்கைகளின் கீழ் றொக்கட்டுகளைப் பூட்டி, கிளர்ச்சிக்காரர்கள்மீது ஏவினார்கள். சிங்களத் தாய்மாரின் பிள்ளைகளுக்கு மேலால் முதலில் போனது போர் விமானமல்ல, பழகுகிற விமானமே.

அடுத்தது 1985. இத்தாலியிலிருந்து சியாய் மார்ச்செட்டி எஸ்.எஃப். 260 என்ற சிறு விமானங்கள் வந்தன. ஆசிரியரும் மாணவரும் அருகருகே அமர்ந்து பழகுவதற்கு ஏற்ற அழகான விமானம். யாழ்ப்பாணத்து மக்கள் அதற்குச் சியாமாச்செட்டி என்று பெயர் வைத்தார்கள். செட்டியார் வீட்டுப் பெண்பிள்ளையின் பெயரைப் போல ஒலிக்கும். அந்தச் சியாமாச்செட்டி 1986 இலும் 1987 இலும் குடாநாட்டில் குண்டு போட்டது. சாமான் ஏற்றும் விமானங்களிலிருந்தும் குண்டுகளை உருட்டிவிட்டார்கள். அதற்குச் சகடை என்று பெயர். பிறகு வந்த கிபிர் தன் சொந்தப் பெயரோடு வந்த உண்மையான போர் விமானம். மக்கள் விமானங்களுக்குச் சூட்டிய இந்தப் பெயர்களை யாராவது தொகுத்தால் அதுவே ஒரு யுத்த சரித்திரமாகும்.

மூன்றாவது 2007. மார்ச் 26 ஆம் திகதி அதிகாலை, விடுதலைப் புலிகளின் சிறு விமானங்கள் கட்டுநாயக்கா விமானப்படைத் தளத்தின்மீது குண்டுகளைப் போட்டன. விமானப்படையினர் மூவர் கொல்லப்பட்டனர். வந்தவை செக் நாட்டில் தயாரான சிலின் 143 என்ற விமானங்கள். பறக்கும் கழகங்களில் பழகுவதற்கும் உல்லாசப் பயணத்துக்குமாகச் செய்யப்பட்ட நான்கு ஆசன விமானம் அது. 2008 ஆகஸ்ட் 26 ஆம் திகதி இரவு அவை திருகோணமலைக் கடற்படைத் தளத்துக்கும் வந்தன. 2009 பெப்ரவரி 20 ஆம் திகதி இரண்டு விமானங்கள் கொழும்பை நோக்கித் தற்கொலைத் தாக்குதலுக்குப் போனதோடு அந்தக் கதை முடிந்தது.

ஆக, அரசாங்கம் சிங்கள இளைஞர்களுக்கு எதிராக ஒரு தடவை, தமிழர்களுக்கு எதிராக ஒரு தடவை, புலிகள் அரசாங்கத்துக்கு எதிராக ஒரு தடவை. கொடிகள் மாறின. மூன்று தடவையும் மாறாதிருந்தது, பழகுவதற்கென்று செய்யப்பட்ட விமானம் கொல்வதற்குப் போனது என்பதே.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய வினோதமுமல்ல. விமானத்திலிருந்து முதற்குண்டு விழுந்ததே 1911 நவம்பர் 1 ஆம் திகதி, லிபியாவில், திரிப்போலிக்கு அண்மையிலுள்ள ஐன் ஸாராவில். ஜூலியோ கவோத்தி என்ற இத்தாலிய இளைஞர் வேவு பார்க்கப் பயன்பட்ட விமானத்திலிருந்து கையாலே குண்டுகளை எறிந்தார். 1950களில் அல்ஜீரிய மலைகளின் மேல் பிரெஞ்சுக்காரர் பறக்கவிட்ட ரி 6 விமானம், இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஆயிரக்கணக்கான விமானிகளுக்குப் பறக்கக் கற்றுக்கொடுத்த அமெரிக்கப் பயிற்சி விமானமேதான். 1969 இல் பியாஃப்ராவுக்காகச் சுவீடன் நாட்டுப் பிரபு வொன் ரோசன் ஐந்து சிறு பயிற்சி விமானங்களில் றொக்கட்டுகளைப் பூட்டி நைஜீரிய விமானத்தளங்களைத் தாக்கினார். 1945 ஜூலை இறுதியில் ஒக்கினாவாவுக்கு அருகில் அமெரிக்கக் கப்பலொன்றை மூழ்கடித்து 47 பேரைக் கொன்றது ஜப்பானியரின் பயிற்சி விமானமொன்று. மரமும் துணியும் சேர்த்துக் கட்டியது. ஜப்பானியப் பிள்ளைகள் அதைச் செந்தும்பி என்று அழைத்தார்கள்.

இவ்வளவையும் பார்த்த பிறகு, பழகுகிற விமானம் ஒன்றும் செய்யாது என்று சொல்வதற்கு நா எழவில்லை. ஆனால் அதற்காக விமானத்தையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடலாமா? இங்குதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

நாம் வழமையாகச் சொல்லும் முதலாவது சமாதானம் கத்தியைப் பற்றியது. கத்தி கனியையும் வெட்டும், கழுத்தையும் வெட்டும், கத்தியில் குற்றமில்லை என்போம். இது பாதி உண்மை. சிலின் விமானத்தைச் செய்தவர்கள் அதற்குக் குண்டு மாட்டும் கொக்கி வைக்கவில்லை. பின்னர் வாங்கியவர்கள்தான் வைத்தார்கள். ஆனால் சியாமாச்செட்டியின் இறக்கைக்குக் கீழே ஆயுதம் பூட்டுவதற்கான இடம் பட்டறையிலேயே வைக்கப்பட்டது. பயிற்சி விமானம் என்ற பெயரில் விற்கப்படுகிற பொருளில் அந்த இடத்தை முன்கூட்டியே ஒதுக்கியவருக்கும் ஒரு நிய்யத் இருந்தது. வாங்கியவருக்கும் இருந்தது. கருவி பேசாது என்பது சரி. ஆனால் கருவியில் அதைச் செய்தவனின் எண்ணம் எழுதப்பட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்தவர்கள் வாசிக்கலாம்.

இரண்டாவது சமாதானம் மாணவனைப் பற்றியது. பத்தொன்பது, இருபது வயதுப் பிள்ளை. பறக்க வேண்டும் என்ற ஆசையில் சேர்ந்தவன். அவனுக்கு என்ன தெரியும்? இந்தச் சமாதானத்தை நான் எளிதில் தள்ளிவிட மாட்டேன். யுத்தத்தில் பயிற்சி மாணவர்களும் சாகிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். இரண்டாம் உலக மகாயுத்தத்தில் ஜெர்மன் நகரங்களைத் தரைமட்டமாக்கிய பிரித்தானியக் குண்டுவீச்சுப் படையில் 55,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களில் 8,000க்கும் அதிகமானோர் எதிரியைக் காணாமலே, பயிற்சியிலும் விபத்திலும் போனவர்கள். 1939 டிசம்பரில் ஒப்பந்தமாகிக் கனடாவில் நடந்த பெரும் பயிற்சித் திட்டம் 130,000க்கும் மேற்பட்ட விமானப்படையினரை உருவாக்கியது. அங்கேயும் நூற்றுக்கணக்கான மாணவர்கள் பறக்கப் பழகும்போதே மாண்டார்கள்.

நமக்கு அருகிலேயே 2020 டிசம்பர் 15 ஆம் திகதி சீனன்குடாவிலிருந்து எழுந்த பி.ரி. 6 விமானமொன்று கந்தளாய்ப் பகுதியில் விழுந்தது. அதை ஓட்டிவந்த பயிற்சி விமானி உயிரிழந்தார். 2023 ஆகஸ்ட் 7 ஆம் திகதி இன்னொன்று சீனன்குடாவிலேயே விழுந்து இருவர் இறந்தனர். முதலாவது விபத்தைப் பற்றிக் கேள்விப்பட்ட அன்று எனக்கு மனம் கனத்தது. எந்தத் தாயின் பிள்ளையோ. கந்தளாய் வயல்காரர்களுக்கு அவன் எந்தத் தீங்கும் செய்தவனல்லன். அவனைப் பார்த்துப் பாவம் செய்தவன் என்று சொல்ல எந்த நாவுக்கு உரிமை உண்டு?

எனவே கருவியிலும் முழுக் குற்றமில்லை, மாணவனிலும் முழுக் குற்றமில்லை. மேலே இருந்து உத்தரவு போட்டவரே குற்றவாளி என்று முடித்துவிடலாமா? அதுதான் மூன்றாவது சமாதானம். அது எல்லோருக்கும் வசதியானது. உத்தரவு போட்டவர் குண்டைத் தொடவில்லை, தொட்டவர் உத்தரவு போடவில்லை, கற்றுக்கொடுத்த ஆசிரியர் இரண்டையும் செய்யவில்லை. பாரத்தை ஆளுக்கு ஆள் கைமாற்றிக்கொண்டே போனால் கடைசியில் அதைச் சுமப்பவர் கீழே இருந்தவர் மட்டுமே.

இந்த இடத்தில் இமாம் கஸ்ஸாலியை நினைக்காமலிருக்க முடியவில்லை. இஹ்யாவில் அறிவைப் பற்றிப் பேசும்போது அவர் புகழத்தக்க அறிவு, இகழத்தக்க அறிவு எனப் பிரித்துக் காட்டுகிறார். அறிவு அறிவாக இருப்பதனால் மட்டும் இகழப்படுவதில்லை, அது தன்னையுடையவனுக்கோ பிறருக்கோ தீங்கைக் கொண்டுவருவதனாலேயே இகழப்படுகிறது என்பது அவர் கருத்து. இதன்படி பறக்கும் கலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தக் கலை எந்தத் தீங்கை நோக்கிக் கற்பிக்கப்படுகிறது என்ற கேள்வியைக் கற்பிப்பவரும் கற்பவரும் தவிர்க்க முடியாது. அந்தக் கேள்வி கற்று முடிந்த பிறகு வருவதல்ல. பாடத்துக்குள்ளேயே இருப்பது.

எந்தப் பாடத்துக்குள்? அதையும் பார்ப்போம்.

ஒன்பதாம் நூற்றாண்டில் குர்துபாவில் அப்பாஸ் இப்னு ஃபிர்னாஸ் இறகுகளைக் கட்டிக்கொண்டு பறந்ததாகப் பிற்காலச் சரித்திர ஆசிரியர் மக்கரீ எழுதுகிறார். கொஞ்ச நேரம் காற்றில் நின்றாராம். இறங்கும்போது அடிபட்டாராம். பறவை வாலை ஊன்றியே இறங்குகிறது, அவர் வால் வைக்க மறந்துவிட்டார் என்பது அதற்குச் சொல்லப்பட்ட காரணம். நம் பெருமைக்காக இந்தக் கதையை மேடைகளில் சொல்லுகிறோம். ஆனால் கதையின் சாரம் பறந்ததில் இல்லை, இறங்கத் தெரியாததில் இருக்கிறது.

இன்றைய விமானப் பயிற்சியும் அதையே சொல்லுகிறது. மாணவன் எழும்புவதைச் சீக்கிரம் பழகிவிடுவான். அவனுடைய காலமெல்லாம் இறங்கப் பழகுவதிலேயே போகிறது. ஓடுபாதையைச் சுற்றி வட்டமிட்டு இறங்குவான், மீண்டும் எழுவான், மீண்டும் இறங்குவான். அதோடு இன்னொரு பாடமும் உண்டு. பறந்துகொண்டிருக்கும்போதே ஆசிரியர் இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்துவிட்டு, "இப்போது இயந்திரம் நின்றுவிட்டது, எங்கே இறங்குவாய்?" என்று கேட்பார். மாணவன் உடனே கீழே பார்த்து ஓர் இடத்தைத் தெரிய வேண்டும். வீடில்லாத இடம், மின்கம்பியில்லாத இடம், ஆட்கள் நடமாடாத இடம். இந்தக் கேள்வி எப்போது வரும் என்று தெரியாததால் நல்ல மாணவன் பறக்கும் நேரமெல்லாம் கீழே பார்த்துக்கொண்டே இருப்பான்.

மாஸ்டருடைய வயலுக்கு மேலால் வளையம் போட்ட அந்தப் பிள்ளையும் அன்று அதைத்தான் செய்திருக்கக்கூடும். அறுவடை முடிந்த வெறும் வயல். இறங்க ஏற்றது. பக்கத்தில் ஒரு வீடு. முற்றத்தில் ஒரு கிழவி. அங்கே இறங்கக் கூடாது. அவன் அந்த அம்மாவைப் பார்த்திருந்தால் அவருக்கு ஆபத்து வரக்கூடாது என்பதற்காகவே பார்த்திருப்பான்.

இதுதான் அடிப்படைப் பாடம். ஆயுதப் பயிற்சி அதற்குப் பிறகு வருவது. அங்கேயும் கீழே பார்க்கவே பழக்குகிறார்கள். வீட்டைக் கண்டுபிடி, ஆள் நடமாட்டத்தைக் கண்டுபிடி. அதே கண், அதே உயரம், அதே வயல். முதற்பாடத்தில் மனிதன் இருக்கும் இடம் விலக வேண்டிய இடம். பிந்திய பாடத்தில் மனிதன் இருக்கும் இடம் குறி. பயிற்சி விமானம் போர் விமானமாக மாறுவது இறக்கையின் கீழ் றொக்கட் பூட்டும்போதல்ல. ஒரு கண் முதற்பாடத்தை மறக்கும்படி பழக்கப்படும்போதுதான். என் மனதுக்குப் பட்ட பதில் இதுவே.

தரையில் நின்று கொல்பவனுக்கு இந்த மறதி தேவைப்படாதா என்று கேட்கலாம். 1996 பெப்ரவரி 11 ஆம் திகதி கிளிவெட்டிக்குப் பக்கத்திலே குமாரபுரத்தில் பெண்களும் பிள்ளைகளுமாக 24 தமிழ்ப் பொதுமக்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். வழக்கு இருபது ஆண்டுகள் இழுபட்டு, 2016 இல் குற்றஞ்சாட்டப்பட்ட இராணுவத்தினர் ஆறு பேரும் விடுதலையாயினர். அங்கே கொன்றவர்கள் வாசற்படியில் நின்றார்கள், முகங்களைக் கண்டார்கள். கண்டும் கொல்லலாம். எனவே உயரம் மட்டுமே காரணமென்று நான் சொல்லவில்லை. ஆனால் வாசற்படியில் நின்றவனை அடையாளம் காட்ட ஓர் ஊர் நீதிமன்றத்துக்குப் போனது. வானத்தில் போனவனை யார் அடையாளம் காட்டுவது? உயரம் கொல்பவனுடைய கண்ணை மட்டுமன்றி, சாட்சியினுடைய கண்ணையும் பறித்துவிடுகிறது.

இந்த அளவோடு கட்டுரையை முடித்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். ஆனால் அன்று வேப்பமரத்தடியில் நடந்த பேச்சு அதோடு முடியவில்லை.

2006 ஜூலையில் மாவிலாற்றுக் கதவு மூடப்பட்டு, 26 ஆம் திகதி கிபிர் விமானங்கள் குண்டு போடத் தொடங்கின. ஆகஸ்ட் முதல் நாட்களில் புலிகள் மூதூருக்குள் வந்தார்கள். தஞ்சம் புகுந்திருந்த மக்கள்மீது செல்கள் விழுந்தன. மூதூரும் தோப்பூரும் வெறுமையாகி, நாங்கள் பிள்ளைகளைச் சுமந்துகொண்டு கந்தளாய்க்கு நடந்தோம். கந்தளாயில் ஒரு பாடசாலை மண்டபத்தில் படுத்திருந்தபோது, சம்பூர்ப் பக்கமாகக் கிபிர் போகும் ஓசை கேட்கும். அந்த ஓசை கேட்டபோது எனக்கு என்ன தோன்றியது என்பதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்கு ஆறுதலாக இருந்தது. எங்களைத் துரத்தியவர்களுக்குத்தான் போகிறது என்று நினைத்தேன். சம்பூரில் புலிகள் மட்டுமா இருந்தார்கள்? என்னிடம் படித்த பிள்ளைகளின் பிள்ளைகளும் இருந்தார்கள். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் அந்த ஓசை எனக்கு இனித்தது.

இதை நான் மாஸ்டரிடம் அன்றுதான் சொன்னேன். அவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு தன் கதையைச் சொன்னார். 2007 மார்ச்சில், சம்பூர்ச் சனங்கள் ஊரூராக அலைந்துகொண்டிருந்த காலத்தில், கட்டுநாயக்காவில் குண்டு விழுந்த செய்தியை விடியற்காலை வானொலியில் கேட்டாராம். "எங்கட பிளேன் எண்டு நினைச்சன் காக்கா. அண்டைக்குக் காலமை சாப்பாடு ருசியா இருந்தது. செத்த மூண்டு பேரைப் பற்றி யோசிக்கவே இல்லை" என்றார். அதன் பின் சம்பூர்ச் சனங்களுக்குக் கிளிவெட்டியிலேயே முகாம் போட்டார்கள். அவர்கள் காணிகள் 2015 இலும் 2016 இலும் விடுவிக்கப்படும்வரை பலர் அங்கேதான் கிடந்தார்கள். அந்த முகாமில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தபோது, சத்தம் கேட்டால் மேசைக்குக் கீழே போகும் பிள்ளைகளைக் கண்டாராம். அப்போதுதான் அந்தக் காலைச் சாப்பாடு நினைவுக்கு வந்ததாம்.

1971 இல் நாங்கள் இருவரும் சிறுவர்கள். ஜெட் போனபோது எங்கள் வீடுகளில் பெரியவர்கள் சொன்னது ஒரே வசனம்தான் என்பதும் அந்தப் பேச்சில் தெரியவந்தது. "அது சிங்களவன்ட பிரச்சினை." அவர் வீட்டிலும் அப்படி, என் வீட்டிலும் அப்படி.

அப்படியானால் பயிற்சி பெற்றவன் விமானி மட்டும்தானா? கீழே இருந்த நாங்களும் பெற்றிருக்கிறோம். மேலே போவது எங்களுடையதா அவர்களுடையதா என்று ஓசையைக் கொண்டே பிரிக்கப் பழகினோம். அது போகிற இடத்தில் முற்றமும் நெல்லும் கிழவியும் இருப்பாள் என்று நினைக்காமலிருக்கப் பழகினோம். விமானிக்கு அந்த மறதியைக் கற்பிக்க ஒரு நிறுவனமும் ஓடுபாதையும் கோடிக்கணக்கான பணமும் வேண்டியிருந்தது. எங்களுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. பயிற்சி விமானத்துக்குப் பாவம் உண்டா என்று கேட்கத் தொடங்கிய நான், அந்தக் கேள்வியை என் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று.

சீனன்குடாவை மூடிவிட வேண்டும் என்பது என் வாதமல்ல. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் வெள்ளத்தில் மாவிலாற்று அணைக்கட்டு உடைந்தது. கிளிவெட்டி, சேருநுவர, மூதூர்ப் பக்கமெல்லாம் மக்கள் வெளியேற வேண்டியதாயிற்று. மாவிலாற்றுப் பக்கத்தில் சிக்கிக்கொண்டவர்களை விமானப்படை ஹெலிகொப்டர்கள் வந்து ஏற்றிச் சென்றன. 2006 இல் கிபிர் குண்டு போட்ட அதே இடம். கீழே மனிதர் இருக்கிறார்களா என்று இம்முறை தேடியதும் பயிற்றப்பட்ட கண்களே. ஆனால் தேடியது காப்பாற்றுவதற்காக. முதற்பாடத்தை மறக்காத கண்ணால் என்ன செய்ய முடியும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

அந்த நாட்களில் மாஸ்டருடைய குடும்பமும் உயரமான கட்டடமொன்றில் ஒதுங்கியிருந்தது. ஹெலிகொப்டர் தலைக்கு மேலால் வந்தபோது பிள்ளைகள் கைகாட்டினார்களாம். அம்மா மட்டும் சுவரோடு ஒட்டி அமர்ந்து, தலையை இரு கைகளாலும் பொத்திக்கொண்டாராம். "காப்பாத்த வந்ததம்மா" என்று மகன் சொல்லியும் கைகளை எடுக்கவில்லையாம்.

அந்த அம்மாவுக்குப் பயம் தெளியவில்லை என்று நாம் சொல்லலாம். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். மேலே போகிற எதுவும், அது யாருடையதாயினும், எதற்காகப் பழகுவதாயினும், கீழே ஓர் ஆளுக்கு மேலால்தான் போகிறது என்பதை எங்களில் மறக்காதிருப்பவர் அவர் ஒருவரே. பறக்கப் பழகுகிற பிள்ளைகளுக்கும், ஓசை கேட்டு அகமகிழப் பழகிய எங்களுக்கும் ஆசிரியராயிருக்கத் தகுதியுள்ளவர் அவர்தான். அடுத்த தடவை அந்தச் சிறு விமானம் வரும்போது நானும் ஒரு கணம் எழுந்து அவருடன் உள்ளே போகலாமென்று நினைத்திருக்கிறேன்.